சும்மா கிடந்த தண்ணி

மாடியில கருப்புத் தகடு ஒண்ணு வெயில்ல கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குக் கீழ, மூடி போட்ட தொட்டியில தண்ணி ஜில்லுன்னு கிடந்துச்சு. நடுவுல ஒட்டியிருந்த சின்ன வில்லை, மேல சூடும் கீழ குளிர்ச்சியும் இருக்கிற வரைக்கும் கரண்டு குடுக்கும். வீட்டுல ஃபேன் ஓடும்.

"நான் இங்க வேகறேன், நீ சொகுசா படுத்திருக்கியா? ஓனர்கிட்ட சொல்லி உன்னை வடிச்சு விட்டுடறேன் பாரு"ன்னு தகடு மிரட்டுச்சு.

தண்ணிக்குப் பகீர்னு ஆயிடுச்சு. மறுநாள் விடிஞ்சதும் மூடியை ஒதுக்கிட்டு, முழு வெயிலையும் வாங்கி, தகடு அளவுக்கே கொதிச்சு நின்னுச்சு. மேலயும் கீழயும் ஒரே சூடு. கரண்டு நின்னுச்சு, ஃபேனும் நின்னுச்சு.

"இப்பத்தான் தம்பி உழைக்கிற ஆளு மாதிரி இருக்க"ன்னு தகடு மனசாரப் பாராட்டுச்சு.

தண்ணிக்குத் தலைகால் புரியல. வில்லை பக்கம் திரும்பி அதட்டுச்சு: "அண்ணனும் நானும் இங்க வெந்துக்கிட்டு இருக்கோம். நீ என்னடா சும்மா உக்காந்திருக்க?"