மகன் வாசித்த தாள்

“உலகத்துல இருக்கற எழுத்தெல்லாம் என்னைக் கண்டா எழுந்து நின்னு சல்யூட் அடிக்குது, தெரியுமா?”

நாற்பது வருடம் மூட்டை தூக்கிவிட்டு, எழுபத்தோரு வயதில் முதியோர் வகுப்பில் சேர்ந்த கணவர் மார்தட்டினார். தட்டிய சத்தம் நாலு தெருவுக்குக் கேட்டது. கூடவே மூச்சும் வாங்கியது.

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “நீங்க பஸ் போர்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிடுது. உங்களுக்கு சல்யூட்டாக்கும்!”

“அப்ப என் ஆஸ்பத்திரித் தாளை எடு.”

போன மாதம் மகன்தான் அதை இருவருக்கும் வாசித்துக் காட்டினான். மூட்டைக் கூலியில் பட்டம் வாங்கிய மகன். “வயசானா மூச்சு இளைக்கத்தான் செய்யும், பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் எழுதியிருக்காரு” என்றான்.

கணவர் விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். “இத...யத்தில் அடை...ப்பு. உட...னே ஆபரே...ஷன். சம்ம...திக்காதவர்... மகன்.”

“நிறுத்துங்க! அரைகுறையாப் படிச்சுட்டு பிள்ளை மேல பழி போடாதீங்க!”

அந்த நேரம் பார்த்து மகன் உள்ளே வந்தான். அப்பா கையிலிருந்த தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“இந்த வயசுல அவ்வளவு செலவு பண்ணி என்னம்மா ஆகப்போகுது?”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஒரு எழுத்துகூடத் தப்பில்லைங்க. சரியாத்தான் படிச்சிருக்கீங்க.”