எட்டாவது பெட்டி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் வாய்க்கு இனி வெற்றிலை கிடைக்காமல் போகட்டும்.

1987இல் ஆரணிப் பட்டு முதலாளி ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கினார். எந்தத் தறிக்கு எவ்வளவு நூல் என்று அது சொல்ல வேண்டும். வேலூர்க்கார ஜெயவேல் எழுதிய புரோகிராம் ஒரு விடைக்கு அரை நாள் எடுத்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள ஜல்தியா ஓடலன்னா உன்ன வேலூர் பஸ்ல ஏத்திடுவேன்,” என்றார் முதலாளி.

எங்கே நேரம் இழுக்கிறது என்று கண்டுபிடிக்க, புரோகிராமின் ஏழு பகுதிகளையும் ஏழு பெட்டிகளாகக் கட்டம் போட்ட டிசைன் தாளில் வரைந்து, கோடுகளால் இணைத்து, மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனான் ஜெயவேல். டிசைனைப் பார்த்துத் தறி அட்டையில் துளை குத்தும் சடையன் அதைப் புதுக் கரை டிசைன் என்று எண்ணி, அட்டை குத்தித் தறியில் மாட்டிவிட்டான்.

புடவைக் கரையில் பெட்டிகள் பச்சையாக இறங்கின. மூன்றாவது மட்டும் சிவப்பு.

“இன்னாத்துக்கு என்னை மொறைக்கிற? எங்கிட்ட செவப்பு நூலே கெடையாது,” என்றாள் நெய்த சாவித்திரி.

ஜெயவேல் புரோகிராமின் மூன்றாம் பகுதியைத் திருத்தினான். விடை அரை நிமிடத்தில் வந்தது. அடுத்த முழத்தில் அந்தப் பெட்டியும் பச்சையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை, கரையில் எட்டாவதாக ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. ஏழு பெட்டிகளின் கோடுகளும் அதற்குள் போயின.

“இது நான் எழுதினது இல்லீங்க,” என்றான் ஜெயவேல் முதலாளியிடம்.

“அப்ப எழுதினவனே பாத்துக்கட்டும். நீ கெளம்பு.”

சாயங்காலத்துக்குள் சிவப்பு கரையைத் தாண்டிப் புடவையின் உடலில் ஏறியது. சாவித்திரி தறியைவிட்டு எழுந்த பிறகும் ஏறியது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முதன்முதலாக மின் இணைப்பு கொடுத்ததே அடுத்த மாதம்தான்.