மஞ்சள் கோடு

2022 செப்டம்பர் 14, புதன்கிழமை, காலை பத்தே கால். கோவை, நீலாம்பூர். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்பக்க டிக்கிக்குள் ஒரு பெண் முழங்கால்களை மார்போடு மடித்துப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் காருக்கு எஞ்சின் பின்னால். பெட்டி வைக்கும் இடம் முன்னால். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்களில் அதற்குள் அடங்குகிற உடம்பு அவளுடையது மட்டும்தான்.

"கச்சிதமா இருக்குதுங்க அம்மிணி. அப்படியே ஒட்டிக் கூரியர்ல போட்டறலாமா?" என்றான் வண்டி தூக்கும் பக்கத்து லிஃப்டில் வேலை பார்க்கும் அன்வர்.

"மொதல்ல உன்ற வாய ஒட்டோணும்."

மூடி இறங்கியது.

மூன்று நாளாக அதே சத்தம். டொக். முன்பக்கம்தான். அதற்கு மேல் தெரியவில்லை. சீட்டில் உட்கார்ந்து கேட்டால் எஞ்சின் இரைச்சல் விழுங்கிவிடுகிறது. நாலு பேர் ஓட்டிப் பார்த்து நாலு காரணம் சொன்னார்கள். ஷாக் அப்சார்பர் என்று சூப்பர்வைசர் குப்புராஜ் முடிவு கட்டியிருந்தார். வண்டிக்காரர் நவநீதன் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறார். இப்போதும் ஸ்டியரிங்கில் அவர்தான்.

வண்டி நகர்ந்தது.

டொக்.

வேகத்தடை. ஏறி இறங்கியது. சத்தமில்லை. ஷாக் என்றால் இங்கேதான் கத்தியிருக்க வேண்டும்.

பிரேக். டொக்.

உள்ளங்கையைத் தரைத் தகட்டில் வைத்தாள். மறுபடி கிளம்பியபோது அடி கையில் விழுந்தது. இடது பக்கம். ஏதோ ஒன்று முன்னால் போய்ப் பின்னால் வருகிறது. ஒரு நூல் அளவு.

சக்கரத்தைத் தாங்கும், லோயர் ஆர்ம் என்கிற கீழ்க் கையின் போல்ட்.

அதை நாலு பேரும் டார்ச் அடித்துப் பார்த்திருந்தார்கள். போல்ட்டின் தலையில் மஞ்சள் கோடு இருந்தது. விட்டுவிட்டார்கள்.

முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாகப் போல்ட்டின் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பது அங்கே வழக்கம். ஆளுக்கு ஒரு நிறம். மஞ்சள் அவளுடையது. மஞ்சளைப் பார்த்தால் குப்புராஜ் ஸ்பேனரைத் தொடுவதில்லை. ஆறு வருடத்தில் அவள் சம்பாதித்தது அது.

அந்த போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முடுக்க வேண்டும். தாழ்ந்த வண்டி. இறக்கிவிட்டால் நீளமான ரெஞ்ச் நுழையும், பேனா பிடித்த கை நுழையாது. அதனால் லிஃப்டில் இருக்கும்போதே கோடு போட்டுவிடுவார்கள். எல்லோரும்.

கோடு முதலில். முடுக்குவது பிறகு.

போன வியாழக்கிழமை ஓணம். இன்னொரு லிஃப்டைப் பார்க்கும் ஜோபி பண்டிகைக்குப் பாலக்காடு போயிருந்தான். இரண்டு லிஃப்டுக்கும் அவள் ஒருத்தி. கோடு போட்டு இந்த வண்டியை இறக்கினாள். யாரோ கூப்பிட்டார்கள். போனாள். திரும்பி வந்து முடுக்கினாள்.

முடுக்கினேன்.

போதுமான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'கிளிக்' என்று விட்டது கையில் இன்னும் இருந்தது. எந்த வண்டியின் கிளிக் அது?

பிரேக். டொக்.

ஒன்றும் பிடிபடவில்லை என்று சொல்லலாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போவார்கள். முடுக்கிவிட இரண்டு நிமிடம் போதும். சத்தம் எங்கே போயிற்று என்று யாரும் தேடப் போவதில்லை. அந்த இரண்டு நிமிடத்தையும் அவள் இருட்டுக்குள் மனதில் முழுதாகச் செய்து பார்த்தாள். ரெஞ்ச்சைத் துடைத்து மாட்டுவது வரை.

மூடி திறந்தது. வெயில். குப்புராஜ் முகம்.

"கேட்டுச்சா அம்மிணி? ஷாக்குத்தான?"

கால் மரத்துப் போயிருந்தது. அவள் எழவில்லை.

"லோயர் ஆர்ம் போல்ட்டுங்ணா. லெஃப்ட்டு. லூசா இருக்குது."

"அதுல உன்ற கோடு இருக்குதே."

"கோடு மட்டுந்தானுங்ணா இருக்குது."

நவநீதன் மெதுவாக, "அப்ப ஞாயித்துக்கெழமை…" என்று ஆரம்பித்தார்.

போல்ட் முக்கால் சுற்று இறுகியது. ஓட்டிப் பார்த்தார்கள். சத்தமில்லை.

"செரி, உடு. போயி டீயக் குடி," என்றார் குப்புராஜ்.

அவள் போகவில்லை. வியாழக்கிழமை ஜாப் கார்டுகளைக் கேட்டாள். அன்று இதே போல இறக்கி முடுக்க வேண்டிய வண்டிகள் இன்னும் மூன்று. மூன்றையும் முடுக்கியதாகத்தான் நினைவு. இந்த வண்டியையும் முடுக்கியதாகத்தான் நினைவு.

இரண்டு வண்டிகள் உள்ளூரிலேயே நின்றன. உடனே வரச் சொன்னார்கள். மூன்றாவது காலையில் ஊட்டிக்குக் கிளம்பியிருந்தது. ஏழு முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. எட்டாவது முறை எடுத்தார்கள். பர்லியாரில் பழக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். அங்கேயே இருக்கும்படி குப்புராஜ் கெஞ்சினார்.

அவள் ரெஞ்ச்சை மடியில் வைத்துக்கொண்டு அன்வரின் பைக்கில் ஏறினாள். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினார்கள்.

பர்லியாரில் அந்த வண்டிக்காரரின் பிள்ளைகள் இருவரும் பானெட்டில் சாய்ந்து மங்குஸ்தான் தின்றுகொண்டிருந்தார்கள். தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ரோட்டில் மல்லாந்து படுத்தாள்.

வலது போல்ட் அசையவில்லை.

ரெஞ்ச் கிளிக் என்பதற்குள் இடது போல்ட் அரைச் சுற்று இறுகியது.