சீமை பேஷன்

நாவற்பழக்காரி செவத்தாயி, பழைய பத்திரிகைத் தாளைச் சுருட்டிப் பொட்டலமாக்கி, பழங்களை அள்ளிப் போட்டாள்.

"என் மேலே சாயாதே, கறை படும்!" என்று தாள் சீறியது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. உங்க மேல என்ன எழுதியிருக்கு?" என்று ஒரு பழம் கேட்டது.

"சீமையில் இந்த வருஷம் நாவற்பழ நிறம்தான் பேஷன். துரைசானிகளுக்குத் தொப்பி முதல் செருப்பு வரை அதே நிறம்."

"அடேயப்பா! இங்கே பொண்ணு பார்க்க வர்றவங்க, 'நாவப்பழம் மாதிரி கறுப்பு'ன்னு எழுந்து போயிடுறாங்களே!"

"நாங்கள் எழுதிவிட்டோம் அல்லவா? இனிமேல் அதுதான் அழகு" என்று தாள் நெஞ்சை நிமிர்த்தியது.

செவத்தாயி உப்பைத் தூவி, பொட்டலத்தை நன்றாகக் குலுக்கினாள். பழங்கள் சாறு விட்டன. தாள் முழுக்க ஊதாவாகிவிட்டது.

"ஐயோ, என் மானம் போச்சே!" என்று தாள் அலறியது.

பழம் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னது: "கூச்சப்படாதீங்க ஐயா. உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு."