ஏழாவது துளை

“ஆறு துளையும் காலி. கிழக்குப் பக்கத்த அடுத்த வருஷ பிளான்லேர்ந்து எடுத்துடு” என்று போன மாதம் மேனேஜர் சொன்னபோது, தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டுத் தங்க இருப்பைக் கணக்கிடும் ஹரிபாபுதான் மறுத்தான்.

“ஒரு துளைக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அம்பது மீட்டர் இருக்குது சார். அந்தச் சந்துல தங்கம் இருந்தா? ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கலாம்.”

இன்று காலை முடிவு வந்தது. ஏழாவது துளையில் தங்கம்.

“சுரங்கத்துக்கு நாலு வருஷம் ஆயுசு கூடிப்போச்சுப்பா!” என்று மேனேஜர் தோளைத் தட்டினார். ஹரிபாபுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறினான்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி தேன்மொழி காத்திருந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

“மார்புக் கட்டியில ஆறு எடத்துல ஊசி போட்டு சதை எடுத்தோம். ஆறுலயும் ஒண்ணுமில்ல. புற்றுநோய் கிடையாது. தைரியமா வீட்டுக்குப் போங்க.”

தேன்மொழி ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“இன்னும் ஏன் மரம் மாதிரி குந்திக்கினு கீறீங்க? எழுந்திருங்க, போலாம்.”

ஹரிபாபு எழவில்லை.

“டாக்டர், நடுவுல இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுப் பாக்கலாமா?”