ரோஷினிக்குப் பிடித்த லினக்ஸ்

"இதுவும் சரியில்லங்க" என்றாள் ரோஷினி.

ராஜபாண்டியனுக்குத் தலை சுற்றியது. அவன் மனைவி வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். லேப்டாப் பழசு, விண்டோஸ் இழுக்கவில்லை என்றாள். சரி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போடலாம் என்று இறங்கினான். அதில்தான் எத்தனை ரகம்! உபுண்டு போட்டான், ஆமை மாதிரி போகிறதாம். மின்ட் போட்டான், பச்சை கண்ணைக் குத்துகிறதாம். இன்னொன்றில் எழுத்து சின்னதாம்.

ஞாயிற்றுக்கிழமை இருக்கன்குடிக் கோயிலில் குழந்தைக்குக் காதுகுத்து. மடியில் உட்கார்த்திக்கொள்ள வேண்டிய தாய்மாமனோ வருவதாக இல்லை. அந்தக் கவலை துளியும் இல்லாமல் இவள் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று எரிச்சல் வந்தது.

தாய்மாமன் தருண்குமார், ரோஷினியின் அண்ணன். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி. தங்கை கல்யாணத்துக்கு ஒரு லோடு வாணவெடி கொண்டுவந்து இறக்கினார். அன்றைக்குப் பார்த்து மழை. புது மாப்பிள்ளை கெத்தில் ராஜபாண்டியன், "என்ன மச்சான், எல்லாம் புஸ்ஸுனு போகுது" என்று கேட்டுத் தொலைத்தான். சிவகாசிக்காரரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? அன்றோடு அவர் இவர்கள் இருக்கும் விருதுநகர்ப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. இவனும் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டான்.

"எங்கண்ணனுக்கு இதெல்லாம் அத்துப்படி" என்றாள் ரோஷினி, சுவரைப் பார்த்து.

வேறு வழியில்லாமல் போன் போட்டான். லேப்டாப் விஷயமாகத்தான் கூப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

"அந்தப் பழசுல போயி உபுண்டுவா போட்டீக?" என்று பதறிய தருண்குமார், பென்டிரைவோடு பைக்கில் வந்து இறங்கினார்.

பழசுக்கு லேசான ரகம் லுபுண்டுதான் என்றார் அவர். இல்லை, எம்எக்ஸ்தான் என்றான் இவன். இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளாத குறை. இந்தக் கூத்தைப் பார்க்க வந்த குழந்தை, மாமன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

லுபுண்டு ஜம்மென்று எழுந்தது.

"மச்சான், அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான் ராஜபாண்டியன்.

"விடுங்க மாப்ள. நமத்த வெடிதான் அது. அந்தக் கோவத்தை உங்க மேல காட்டிட்டேன்."

ராஜபாண்டியனுக்கு மனசு நிறைந்துவிட்டது. முறைப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கத் தாம்பூலத் தட்டு எடுக்க உள்ளே ஓடி, பீரோவைத் திறந்தான்.

சேலைகளுக்கு நடுவே ஒரு புத்தம் புது லேப்டாப். ரோஷினியின் பெயரும் அவள் கம்பெனி பெயரும் ஒட்டியிருந்தன. தொட்டுப் பார்த்தான். சற்றுமுன்வரை வேலை பார்த்த சூடு. அப்படியானால் பழசு அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

திரும்பினால், கதவோரம் ரோஷினி திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாண்டியன் பீரோவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மச்சான், இவளுக்கு லுபுண்டுவும் பிடிக்கலையாம். இருந்து சாப்பிட்டு, எம்எக்ஸையும் போட்டுப் பார்த்துட்டுப் போங்க."