ஸ்டீன் கொடுக்காத பந்து

இதை எனக்கு முதலில் சொன்னவர் டானியல் தம்பி. எண்பத்தெட்டாம் ஆண்டு, நத்தாருக்கு முந்தின ஞாயிறு, டென்மார்க்கில் எங்கள் ஹோர்சன்ஸ் பட்டினத்துக் கோயிலில் பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது சொன்னார்.

“அக்கா, இது வெளியில போகக்கூடாது,” என்று கதவைப் பார்த்துப் பார்த்துத்தான் கதைத்தார்.

அவருக்கு அப்போது எல்லாவற்றுக்கும் பயம். மனைவி பற்றிமாவும் கைப்பிள்ளையும் மன்னாரில். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பம் கொடுத்து, பதிலே இல்லை. தபால்காரன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை அரசாங்கத்தில் மேலே இருந்தவர்கள் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியில் வந்தது.

டானியலுக்கு வேலை, பக்கத்துப் பட்டினத்தில் கூடைப்பந்து மண்டபம் கழுவுவது. சம்பளத்துக்கு விளையாடுகிற அணி. பெயர் வேண்டாம். அதில் இரண்டு பேர்தான் பெரிய ஆட்டக்காரர். ஒருவர் கர்டிஸ், அமெரிக்காவிலிருந்து வந்த கறுத்தப் பிள்ளை, குனிந்துதான் கதவால் வருவார். மற்றவன் ஸ்டீன், கட்டையான டெனிஷ்காரன்.

ஸ்டீன் பந்தைத் தட்டிக்கொண்டு வருவான். ஆளைப் பார்க்காமலே எறிவான். போய்ச் சேருகிற இடத்தில் கர்டிஸின் கை இருக்கும். ஒரு வீட்டில் வளர்ந்ததுகள் மாதிரி.

அந்தக் கார்த்திகையில் அது நின்றுபோனது.

கர்டிஸ் கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்குவார். ஸ்டீன் கொடுக்கமாட்டான். தானே எறிவான், பாதி வெளியில் போகும். தோல்விக்கு மேல் தோல்வி.

ஒரு சனிக்கிழமை, டானியலோடு அறையில் இருந்த நித்தியானந்தனும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். இரண்டு பேரும் கடைசிப் படியில்.

“பாத்தியே, கறுப்பன் எண்டுதான் குடுக்கிறானில்லை,” என்றார் நித்தியானந்தன்.

“மெல்லமாக் கதையுங்கோ அண்ணை.”

“எங்கட தமிழ் இங்க ஆருக்கு விளங்கப் போகுது? பற்றிமாவைக் கூப்பிடக் குடுத்த உன்ர கோப்பும் இப்பிடித்தான். ஆரோ ஒருத்தன் கையில வைச்சுத் தட்டிக்கொண்டு நிக்கிறான்.”

டானியலுக்குச் சிரிப்பு வரவில்லை. கூடை போடாத அமெரிக்கனை வைத்திருக்க ஏலாது, நத்தாரோடு அனுப்பவேண்டியதுதான் என்று மனேஜர் சொன்னதை அவர் காதால் கேட்டவர். புள்ளி இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் விசா இல்லை. அது எங்கள் ஆட்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. கர்டிஸுக்கும் மனைவி, தள்ளுவண்டியில் ஒரு பிள்ளை.

“நான் மனேஜரிட்டைச் சொல்லப்போறன், அண்ணை.”

“என்னெண்டு?”

“ஸ்டீன் வேணுமெண்டுதான் பந்து குடுக்கேல்லை எண்டு.”

“உனக்கென்ன விசரே? அகதி போய் டெனிஷ்காரனில பிழை சொல்லுறதோ? நாளைக்குப் பற்றிமாவின்ர கோப்பைத் தூக்கிக் குப்பையில போட்டா என்ன செய்வாய்?”

டானியல் எழும்பினார். கழுத்தில் கிடந்த அந்தோனியார் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஆட்டம் முடிய ஒரு விசயம் கதைக்கவேண்டும் என்று மனேஜரிடம் சொல்லிவிட்டார்.

அன்றும் தோல்வி. சனம் ஸ்டீனைப் பார்த்துக் கூவியது. யாரோ குடித்த கோப்பியை அப்படியே அவன் மேல் எறிந்தான். ஸ்டீன் திரும்பியும் பார்க்கவில்லை.

மற்ற ஆட்டக்காரர் போன பிறகு டானியல் வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு உடுப்பு மாற்றும் அறைப் பக்கம் போனார். கதவு கொஞ்சம் நீக்கலாகத் திறந்திருந்தது.

உள்ளே கர்டிஸ் நீள வாங்கில் காலை நீட்டி இருந்தார். அவருடைய முழங்கால் பாண் மாதிரி வீங்கியிருந்தது. அதே கோப்பி ஊறின சட்டையோடு ஸ்டீன் நிலத்தில் முழந்தாளிட்டு, ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“போதும். நான் உண்மையைச் சொல்லிவிடுறன்,” என்றார் கர்டிஸ், ஆங்கிலத்தில். “உன்னை எவ்வளவு திட்டுறாங்கள்.”

“சொன்னா அடுத்த பிளேனிலயே ஏத்திவிடுவாங்கள். கால் ஏலாத அமெரிக்கனுக்கு ஆர் சம்பளம் குடுப்பான்?” ஸ்டீன் கட்டை இறுக்கினான். “பந்து உன்னட்டை வந்தா நீ பாயவேணும். பாய்ஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். வீக்கம் வத்துமட்டும் பந்து என்னோட நிக்கட்டும். நீ கையை மட்டும் தூக்கு. திட்டினாத் திட்டட்டும். என்னை எங்கை அனுப்பப் போறாங்கள்? நான் இந்தத் தெருவில பிறந்தவன்.”

டானியலுக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம். மனேஜர்.

“டானியல், என்னவோ கதைக்கவேணும் எண்டாய்?” அவருடைய கை கதவுக்குப் போனது.

டானியல் கதவை இழுத்துச் சாத்தினார். காலால் வாளியைத் தட்டி விழுத்தினார்.

“ஓம், தரை ஈரம். வழுக்கும். உள்ளுக்குப் போகாதேங்கோ. அதைத்தான் சொல்ல இருந்தனான்.”

கர்டிஸ் அடுத்த வருசமும் அங்கேதான் விளையாடினார். பற்றிமாவும் பிள்ளையும் வந்து சேர இன்னும் இரண்டு வருசம் போனது.

இன்றைக்குச் செபமாலை சொல்லும்போது, அந்த ஸ்டீனுக்காகவும் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிடுங்கோ.